இடிக்காமல் விட்ட ஊர்கள்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, வணக்கம். வரவேற்புரை ஆற்றிய பேராசிரியர் ஐயா என்னை உலகம் சுற்றியவர் என்றார். அவர் அன்பு அப்படிச் சொல்ல வைத்தது. பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கச் செயலாளருக்கு நன்றி. ஒலிபெருக்கிக்கு வாடகையே வாங்காத பந்தல்காரருக்கு இரட்டிப்பு நன்றி.

ஜெர்மனியில் பலரும் பார்க்காத ஐந்து ஊர்கள் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். குவெட்லின்பர்க், கேர்லிட்ஸ், ஹாலே, லூனபர்க், விஸ்மார். நம்மவர்கள் மியூனிக், கொலோன் தேவாலயம், ரைன் நதிப் படகு என்று பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். நான் சொல்லும் ஊர்களுக்குச் சுற்றுலா பஸ் அதிகம் போவதில்லை. உள்ளூர் ரயிலில் போய் இறங்கி நடக்க வேண்டும்.

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்பார்கள். என்னைக் கேட்டால், பழைய வீட்டைப் பழுதுபார்த்துப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்க வேண்டும்.

குவெட்லின்பர்க் ஹார்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. 919இல் ஜெர்மானிய அரசரான முதலாம் ஹைன்ரிக்கின் கல்லறை அங்கே குன்றின்மேல் உள்ள தேவாலயத்தில். கீழே தெருத்தெருவாக மரச்சட்ட வீடுகள், 1,300க்கும் மேல். மரத்தால் சட்டம் நிறுத்தி, இடைவெளியைக் குச்சியும் வைக்கோல் கலந்த களிமண்ணும் கொண்டு அடைத்த சுவர்கள். ஒரு கட்டை உளுத்தால் அதை மட்டும் அறுத்தெடுத்து வேறு கட்டை பொருத்தலாம். முழு வீட்டையும் இடிக்கத் தேவையில்லை. பொறியாளர்கள் யாராவது இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஜெர்மனி அரசு 1960களில் பழைய ஊரின் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைத்தது. கையில் காசில்லை, திட்டம் கிடப்பில் போனது. 1994இல் அதே ஊர் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது! அரசாங்கத்திடம் பணமில்லாமல் போவதும் சில சமயம் புண்ணியம்தான். உறுப்பினர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது கேர்லிட்ஸ். ஜெர்மனியின் கிழக்குக் கோடி. நைசெ ஆற்றின் மேல் ஒரு நடைபாலம், அதைத் தாண்டினால் போலந்து. 1945 வரை இரு கரையும் ஒரே ஊர். சுமார் 4,000 பாரம்பரியக் கட்டடங்கள் உள்ள ஊர் இது. ஜெர்மனி ஒன்றான சமயத்தில் அவற்றில் பல கூரை ஒழுகி, காரை உதிர்ந்து கிடந்தன.

1995இல் ஒரு வழக்கறிஞர் மூலம் நகராட்சிக்கு ஒரு செய்தி வந்தது. ஒருவர் பத்து லட்சம் மார்க் தருகிறார், பழைய நகரத்தைச் சீர்செய்யுங்கள். ஒரே நிபந்தனை: கொடுப்பவர் யாரென்று வெளியே தெரியக் கூடாது. சரி, யாரோ ஒரு பணக்காரர், ஒருமுறை கொடுத்தார் என்று நினைப்போம். அடுத்த ஆண்டும் பணம் வந்தது. அதற்கடுத்த ஆண்டும் வந்தது. நாணயம் யூரோவாக மாறியது. அவர் கொடை நிற்கவில்லை, ஆண்டுக்கு 5,11,500 யூரோவாக வந்தது. கதவு, ஜன்னல், கூரை என்று வீட்டுக்காரர்கள் விண்ணப்பித்தார்கள். ஒரு குழு கூடிப் பிரித்துக் கொடுத்தது. 2016 வரை வந்தது ஐயா! மொத்தம் ஒரு கோடி யூரோவுக்கு மேல். பெயர் மட்டும் வெளிவரவில்லை. நம் பக்கத்தில் ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சமே தெரியாத அளவுக்கு அதன்மேல் உபயம் எழுதுகிறோம். (பலத்த கைதட்டல்.) கைதட்டியவர்களில் உபயதாரர்களும் உண்டு என்பது எனக்குத் தெரியும். வீட்டைக் கட்டிப்பார் என்றவர் இந்த மனிதரைப் பார்த்ததில்லை.

ஹாலே நமக்கு உறவுமுறை. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் படித்த ஊர். அங்குள்ள பிராங்கெ அறநிலையத்தின் ஆவணக்காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அந்த அறநிலையக் கட்டடங்களே கிழக்கு ஜெர்மனி காலத்தில் சீரழிந்து கிடந்தவைதாம்; போதாக்குறைக்கு வாசலுக்கு எதிரே ஒரு மேம்பாலத்தையும் போட்டார்கள். 1990க்குப் பிறகு ஒவ்வொன்றாக மீட்டார்கள். அத்தோடு விடாமல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் வாழ்ந்த வீட்டைச் சீரமைக்கவும் கைகொடுத்தார்கள். 2017இல் அது அருங்காட்சியகமானது. இந்த மண்டபத்திலிருந்து தரங்கம்பாடிக்கு பஸ்ஸில் போய்விடலாம். எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். தலைவர் தூக்கிவிட்டார், நல்லது.

இப்போது என் வழக்கமான விண்ணப்பம். நம் நகரில் தூண் வைத்த திண்ணை வீடுகளும் முற்றம் வைத்த வீடுகளும் இன்னும் நிற்கின்றன. எத்தனை என்று யாரிடமும் கணக்கில்லை. உறுப்பினர் அவர்கள் நகர்மன்றத்தில் பேசி, முதலில் ஒரு பட்டியலாவது எடுக்க வழிசெய்ய வேண்டும். பிறகு சிறிய நிதி ஒன்று தொடங்கலாம். வீட்டுக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓடு மாற்ற ஆள் கிடைக்காமல்தான் பலர் இடிக்கிறார்கள். வீட்டைக் கட்டிப்பார் என்கிற ஊரில், கட்டியதைக் காப்பாற்ற ஒரு கொத்தனாருக்காவது சுண்ணாம்பு வேலை பழக்கித் தர வேண்டாமா?

லூனபர்க்கில் உப்பு, விஸ்மாரில் துறைமுகம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவற்றை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. உங்கள் தெருவில் உள்ள பழைய வீடுகளை அதில் எழுதிவிட்டுப் போங்கள். பேனாவைத் திருப்பி வைத்துவிடுங்கள், அது நூலகத்துடையது. வணக்கம்.