எண்பது மைல் கடற்கரையில் கேரவன்: கடிகாரத்தை விட்டுவிட்டு ஓத அட்டவணையைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் எண்பது மைல் கடற்கரையில் இருக்கிறேன். பெயரில்தான் எண்பது மைல், உண்மையில் ஏறக்குறைய 220 கிலோமீட்டர் நீளம். ப்ரூமுக்கும் போர்ட் ஹெட்லாண்டுக்கும் நடுவே சுமார் 600 கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஓடுகிறது. கேரவனை, அதாவது சக்கரம் வைத்த சின்ன வீட்டை, வண்டிக்குப் பின்னால் இழுத்து வருகிறவர்களில் நிறையப் பேர் அதை ஒரே மூச்சில் ஓட்டி முடிக்கத்தான் பார்க்கிறார்கள். ரோட்ஹவுஸில் டீசல் போட்டு, ஒரு காபி குடித்து, மறுபடியும் ஸ்டியரிங். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. 10 கிலோமீட்டர் உள்ளே திரும்பினால் இப்படி ஒரு கடல் இருக்கிறது, பார்க்காமல் போகிறார்களே!

இங்கே தங்க வருகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். எழுவது, மீன் பிடிப்பது, வண்டியை மணலில் இறக்குவது எல்லாமே, கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணைப்படிதான். பக்கத்தில் ப்ரூமில் கடல் ஏறி இறங்கும் உயரம் 10 மீட்டரை நெருங்கும். மூன்று மாடி வீடு அளவுக்குத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வடமேற்குக் கரையை ஒட்டிய கடலடி ரொம்ப தூரத்துக்கு ஆழமில்லாமல் அகலமாகக் கிடக்கிறது. ஆழ்கடலிலிருந்து வரும் ஓத அலை அதன்மேல் ஏறும்போது உயர்ந்துகொண்டே வருகிறது. அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் உச்சம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். இன்று காலை 10 மணிக்கு ஏற்றம் என்றால் நாளை 10:50-ஐ ஒட்டி. நேற்று இந்த நேரத்தில் மணலில் வண்டி ஓட்டினோமே என்ற கணக்கு இங்கே செல்லாது.

சரி, கேமராவைக் கீழே கொண்டுபோகிறேன். இது என் வண்டியின் டயர் தடம். கடல் இன்னும் அங்கே தொலைவில்தான் இருக்கிறது, அலைச் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் தடத்துக்குள் பாருங்கள், தண்ணீர் கசிந்து நிற்கிறது. மணலில் இருக்கும் சின்னச் சின்ன வரிகளுக்கு நடுவே விரல் அகலத்தில் ஓடிவருகிறது. கரை இவ்வளவு தட்டையாக இருப்பதால் கடல் இப்படி எல்லாப் பள்ளத்தையும் நிரப்பிக்கொண்டே சத்தமில்லாமல் வரும். தூரத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றால், முதுகுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் முதலில் நிரம்பிவிடும். அதனால் ஏற்றம் தொடங்கும் நேரத்தைக் காலையிலேயே தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுகிறேன். செல்போன் சிக்னலை நம்பி இங்கே எதையும் வைத்துக்கொள்ள முடியாது.

கேரவனை மணலுக்கு இறக்கவே கூடாது. அதை முகாமில் நிறுத்திவிட்டு, ஃபோர் வீல் டிரைவை மட்டும், டயர் காற்றை நன்றாகக் குறைத்துக்கொண்டு இறக்குங்கள். காலா வகையைச் சேர்ந்த த்ரெட்ஃபின் சால்மன் மீனுக்காகவே பலர் இங்கே வருகிறார்கள். தண்ணீர் ஏறும்போது அதனோடு சேர்ந்து மீனும் கரைக்கு வரும், தூண்டில் போடச் சரியான நேரம் அதுதான். குளிக்க மட்டும் இறங்காதீர்கள். சுறா உண்டு, உப்புநீர் முதலை எப்போதாவது வந்துபோகும், இருகஞ்சி என்று விரல் நகம் அளவே இருக்கிற ஜெல்லிமீனும் இருக்கிறது. ஒரு பாட்டில் வினிகர் வண்டியில் இருக்கட்டும். ஜெல்லிமீன் கொட்டினால் குறைந்தது 30 வினாடி வினிகரை ஊற்றிக்கொண்டே 000 என்ற அவசர உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். சிக்னல் இல்லாத இடம் என்பதால் சாட்டிலைட் போனும் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் பறவைகள். சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு லட்சக்கணக்கில் இந்தச் சேற்றுக்கு வருகின்றன. கடல் இறங்கியிருக்கும்போது பரந்த சேற்றில் மேயும். ஏறியதும் அத்தனையும் ஒரு ஒல்லியான மணல் பட்டைக்குள் ஒதுங்கிவிடும். அந்த நேரத்தில் வண்டியை ஓட்டிக் கலைத்தால், அது சேர்த்து வைத்த கொழுப்பைத்தான் நாம் வீணடிக்கிறோம். அந்தக் கொழுப்பை நம்பித்தான் திரும்பவும் வடக்கே பறக்கப் போகிறது. வளர்ந்த பறவைகள் மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். மே மாதத்துக்குப் பிறகும் இங்கே இருப்பவை பெரும்பாலும் இளம் பறவைகள். தயவுசெய்து வேகத்தைக் குறைத்து, விலகிப் போங்கள்.

இன்னொன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. முகாமுக்குப் பக்கத்திலேயே வாலல் என்ற இடம். 1922 செப்டம்பர் 21-ஆம் தேதி முழு சூரிய கிரகணம் இங்கே 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தது. அமெரிக்காவின் லிக் வானாய்வகக் குழு ப்ரூமிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்து, கருவிகளை எல்லாம் இந்தக் கரையில்தான் இறக்கியது. நட்சத்திர ஒளி சூரியன் அருகே வளைவதை அளந்தார்கள். ஐன்ஸ்டைன் சொன்ன அளவோடு அது ஒத்துப்போனது. அதே கிரகணத்துக்குக் கொடைக்கானல் வானாய்வகத்திலிருந்து ஜான் எவர்ஷெட்டும் இங்கே வந்திருந்தார்! இருட்டின பிறகு கேரவனின் ஆனிங் (வெளிப்பந்தல்) விளக்கை அணைத்துவிட்டு மேலே பார்த்தால், இந்த இடத்துக்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்பது புரிகிறது.

எப்போது வரலாம்? மே முதல் செப்டம்பர் வரை. புயல் காலத்தில் இந்தப் பக்கமே வேண்டாம். 2023 ஏப்ரலில் இல்சா புயல் இங்கிருந்து தெற்கே கரை கடந்தபோது பார்டூ ரோட்ஹவுஸைச் சின்னாபின்னமாக்கிவிட்டது. நெடுஞ்சாலையில் 50 மீட்டருக்கு மேல் நீளமான ரோட் டிரெயின்கள், அதாவது பல டிரெய்லர்களை இழுக்கும் லாரிகள், வரும். வண்டிக்கு வண்டி பேசும் யுஎச்எஃப் ரேடியோவில் 40-ஆவது சேனலைப் போட்டு வையுங்கள், முந்தப் போகிறேன் என்று அந்த லாரி ஓட்டுநர்களே சொல்வார்கள். பொழுது சாய்ந்த பிறகு ஓட்ட வேண்டாம், மாடு குறுக்கே வரும்.

மணலில் இருந்து ஏறியதும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கேரவனின் கீல், பூட்டு, படிக்கட்டு எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடையுங்கள். இந்த உப்புக் காற்று ஒரு வாரத்தில் இரும்பைத் துருப்பிடிக்க வைத்துவிடும். தண்ணீர் இப்போது என் செருப்பு வரைக்கும் வந்துவிட்டது மக்களே, ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறேன். நாளை தூண்டிலோடு பார்க்கலாம்.