திருவனந்தபுரத்துக்கு இருந்த ஒரே ரயில் வாசல்: செங்கோட்டை ஸ்டேஷன்

வணக்கம் மக்களே. மைக்கில் ஒரே இரைச்சலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அது காற்று. சாரல் தொடங்கிவிட்டால் ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று நேரே இந்த பிளாட்பாரத்தில்தான் வந்து இறங்கும். அதோ மேகம் மூடியிருக்கிறதே, அந்த மலைக்கு அந்தப் பக்கம் கேரளா.

சென்னையில் இருப்பவர்களுக்குச் செங்கோட்டை என்றால் பொதிகை வண்டி போய் நிற்கிற கடைசி ஊர். எனக்கு அதைக் கேட்டால் மனசு ஒப்பாது. ஏன் என்று சொல்கிறேன்.

1903-இல் கல்லிடைக்குறிச்சியிலிருந்து தண்டவாளம் இங்கே வந்து சேர்ந்தபோது இந்த ஊர் திருவாங்கூர் மகாராஜாவின் சீமை. தென்காசி வரைக்கும் வெள்ளைக்காரன் ஆட்சி, அதைத் தாண்டினால் மூலம் திருநாள் ஆட்சி. பணம்கூட வேறு. மகாராஜா சீமையில் சக்கரம் என்கிற நாணயம் புழங்கியது, திருவாங்கூர் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம். அப்படியென்றால், தெற்குத் திருவாங்கூர் மண்ணில் ரயில் முதன்முதலாக வந்து நின்றது நான் நிற்கிற இந்த ஊரில்தான்!

அந்தப் பக்கம் கொல்லத்திலிருந்து புனலூர் வரை 1904 ஜூனில் வண்டி ஓட ஆரம்பித்தது. நடுவில் மலை. அதைக் குடைந்து குகைகள் போட்டு, பள்ளங்களில் கல்லால் பாலம் கட்டி, அதே வருஷம் நவம்பரில் புனலூரையும் செங்கோட்டையையும் சேர்த்துவிட்டார்கள். கழுதுருட்டி பக்கத்தில் இருக்கிற பதிமூன்று கண் பாலம் அப்போது கட்டியதுதான். போன மாதம் அதன் அடியில் போய் நின்றேன். தூணில் கை வைத்தால் கல்லெல்லாம் ஜில்லென்று ஈரம், இடுக்கில் பாசி. தலைக்கு மேலே வண்டி போனபோது அந்த அதிர்வு உள்ளங்கை வரைக்கும் வந்தது.

சரி, இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இந்தப் பாதை கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நீண்டது 1918-இல். ஆனால் வடக்கே எர்ணாகுளம் பக்கம் போக அப்போது தண்டவாளமே கிடையாது. எர்ணாகுளம்-கோட்டயம் 1956-இல்தான் வந்தது, கோட்டயம்-கொல்லம் 1958-இல். அதுவரைக்கும் திருவனந்தபுரத்தில் ரயில் ஏறிய ஒருவர் மதராஸ் போகட்டும், காசிக்கே போகட்டும், செங்கோட்டையைத் தாண்டாமல் போயிருக்க முடியாது. 1904-இலிருந்து கணக்குப் போட்டால் ஐம்பது வருஷத்துக்கும் மேல், தெற்குத் திருவாங்கூருக்கே இதுதான் ரயில் வாசல். இதைச் சொல்லி பிளாட்பாரத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை.

வாஞ்சிநாதன் இந்த ஊர்ப் பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் வேலை பார்த்தது புனலூரில், காட்டிலாகாவில். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்டது மணியாச்சியில், ரயில் பெட்டிக்குள். பிறந்த ஊரும் வேலை பார்த்த ஊரும் உயிர்விட்ட இடமும் ரயில் போகிற ஊர்களாகவே அமைந்துவிட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரி ஆகிவிடும்.

1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஸ்டேஷன் இருந்த இடத்திலேயே இருந்தது; எல்லை மட்டும் அதைத் தாண்டிக் குதித்து மேற்கே, பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே போய்விட்டது.

எங்கள் ஆச்சிக்குப் பிறந்த ஊர் தென்மலை. கரி வண்டி காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழுமாம். சேலை முந்தானையைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒற்றி எடுப்பார்களாம். செய்தே காட்டுவாள். 2010-இல் அகலப்பாதை வேலைக்காக மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். திரும்ப ஓட 2018 ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷமும் ஆச்சி பஸ்ஸில்தான் போனாள். வளைவுக்கு வளைவு தலை சுற்றும், கையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பாள். பழைய வண்டி நின்ற அன்று நான் அழுதேன். பாதை அகலமாகி நல்லதுதான் நடந்தது, ஆனாலும் அந்தச் சின்னப் பெட்டிகள் போனது போனதுதான்.

குருவாயூர் வண்டி வந்துவிட்டது. பின்னால் பாருங்கள், இன்னொரு எஞ்சினைக் கோர்க்கிறார்கள். மலையேற்றத்துக்கு முன்னாலிருந்து ஒன்று இழுக்க வேண்டும், பின்னாலிருந்து ஒன்று தள்ள வேண்டும். நானும் ஏறிவிட்டேன். பகவதிபுரம் தாண்டிவிட்டால் பெரிய குகை. அப்போது பேசமாட்டேன், இருட்டையும் சத்தத்தையும் அப்படியே கேளுங்கள்.