முதல் ஸ்கியைத் தேர்ந்தெடுக்கும்போது

அன்பான நேயர்களே, வணக்கம்.

ஒஸ்லோவுக்கு வடக்கே உள்ள நூர்மார்க்கா காட்டில் போதிய பனி விழுந்ததும், பனியில் சறுக்கிச் செல்லும் நீண்ட பலகைகளான ஸ்கிகளுக்குத் தடங்கள் போடத் தொடங்கிவிடுவார்கள். 1883 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஷிஃபோரெனிங்கன் சங்கம் இன்றும் அந்தப் பணியைச் செய்துவருகிறது. அந்தத் தடங்களில் போக யாரும் கட்டணம் கேட்பதில்லை. இவ்வளவு அருகில் இருந்தும் நம்மவர்களில் பலர் அங்கே போகாமலே இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு முறை போய், மேட்டில் ஏற முடியாமல் பின்னால் வழுக்கி, 'இது நமக்குச் சரிவராது' என்று திரும்பியவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த ஸ்கியை யாருடைய எடைக்குப் பார்த்து எடுத்தீர்கள் என்பதுதான்.

ஸ்கியைத் தரையில் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி தரையைத் தொடாமல் மேலே வளைந்து நிற்கும். இரண்டு கால்களிலும் எடையைப் பகிர்ந்து சறுக்கும்போது அந்த நடுப்பகுதி பனியில் உரசக் கூடாது. ஒற்றைக் காலை ஊன்றி உந்தும்போது அது முழுவதும் அமுங்கிப் பனியைப் பிடிக்க வேண்டும். உங்கள் எடைக்கு ஸ்கி மிகவும் விறைப்பாக இருந்தால் பிடிப்பே கிடைக்காது. ஏற்றத்தில் பின்னால் வழுக்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். மிகவும் மென்மையாக இருந்தால் பிடிப்பு இருக்கும், வேகம் குறையும். புதிதாகத் தொடங்குகிறவர் மென்மையின் பக்கம் சாய்வதே நல்லது என்பது என் கருத்து.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். சமமான, கடினமான தரையில் ஸ்கிகள் மீது நேராக நின்று, பாதத்துக்கு நேர் கீழே, ஸ்கிக்கும் தரைக்கும் இடையில் ஒரு கடதாசியை நுழைக்க இன்னொருவரிடம் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் நிற்கும்போது அது தாராளமாக நகர வேண்டும். முழு எடையையும் ஒரு காலில் போட்டதும் அசையாமல் இறுகிவிட வேண்டும். கடையில் எடையைக் கேட்டால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். குளிர் உடுப்பும் முதுகுப்பையும் சேர்ந்த எடையாக இருந்தால் இன்னும் நல்லது. நீளம் அதற்கு அடுத்ததுதான். தடத்தில் நேராகச் சறுக்கிப் போகும் கிளாசிக் ஸ்கி பொதுவாக உயரத்தைவிட ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். பக்கவாட்டில் உந்திப் போகும் ஸ்கேட்டிங் ஸ்கியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

பிடிப்புக்காக அடியில் மெழுகு பூசும் ஸ்கி அருமையானது. ஆனால் வெப்பநிலை மாறமாற மெழுகையும் மாற்ற வேண்டும். பூச்சியப் பாகையை ஒட்டிய நாட்களில் அனுபவசாலிகளே திணறுவார்கள். ஆகவே அடியில் மொஹேர் என்ற ஆட்டு மயிர்ப் பட்டை ஒட்டிய ஃபெல்லெஸ்கியைத்தான் நான் பரிந்துரைப்பேன். பட்டையின் மயிர் முன்னோக்கிச் சறுக்க விடும், பின்னோக்கித் தடுக்கும். மீன் செதில் போன்ற வரிகள் வெட்டிய ஸ்கி ஈரமான புதுப் பனியில் நன்றாகப் பிடிக்கும். உறைந்த தடத்தில் அவ்வளவு உதவாது.

சப்பாத்தை மாலையில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். விரல்கள் அசைய இடம் வேண்டும். பழைய ஸ்கி வாங்கினால் சப்பாத்து அதன் பிணைப்பில், அதாவது சப்பாத்தை ஸ்கியோடு பூட்டும் பாகத்தில், பொருந்துகிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள். எல்லாச் சப்பாத்தும் எல்லாப் பிணைப்புக்கும் பொருந்திவிடாது. கைத்தடி அக்குளுக்கும் தோளுக்கும் இடையே வந்தால் போதும்.

பெற்றோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பாடசாலையின் ஸ்கி நாளுக்காக, 'அடுத்த வருடமும் உதவும்' என்று பெரிய ஸ்கியாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் எடைக்கு அது அமுங்காது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் மேட்டில் ஏறிப்போக, உங்கள் பிள்ளை மட்டும் அடிவாரத்தில் நின்று வழுக்கிக்கொண்டிருக்கும். பூவா என்ற உபகரண நிலையங்கள் நோர்வேயின் பல ஊர்களில் இருக்கின்றன. அங்கே ஸ்கியை இலவசமாகவே இரவல் எடுக்கலாம். வளரும் பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. பெரியவர்களும் வாங்கும் முன் அங்கே எடுத்துப் பழகிப் பார்க்கலாம்.

முதல் நாள் சொங்ஸ்வான் ஏரிப் பக்கம் போங்கள். சுரங்க ரயில் அங்கேயே போய் நிற்கிறது, ஏரியைச் சுற்றி நிலமும் பெரும்பாலும் சமமானது. முதல் அரை மணி நேரம் தடிகளை ஓரமாகக் குத்தி வைத்துவிட்டு, வெறுங்கையோடு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றிப் பழகுங்கள். வணக்கம்.