கேட்ஸ்பியைக் கொன்றது பொறாமையே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1925இல் எழுதிய 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலில் கதாநாயகனை வீழ்த்தியது விதியின் விளையாட்டா, மனிதர்களின் பொறாமையா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் விதிக்காக உருகிவிட்டார். கோடை முழுக்க கேட்ஸ்பி வீட்டு விருந்தில் குடித்துக் கூத்தடித்த கூட்டத்தில், அடக்கத்துக்கு எட்டிப்பார்த்தது ஒரே ஒருவர் என்றார். அந்த வீட்டிலேயே தங்கித் தின்ற ஒருவன், விட்டுப்போன டென்னிஸ் ஷூவை அனுப்பச் சொல்லிப் போன் போட்ட கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, அதெல்லாம் பிணம் விழுந்த பிறகு நடந்தது. பிணம் ஏன் விழுந்தது என்பதல்லவா நம் வழக்கு?

நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் காசில்லாத ராணுவ அதிகாரி கேட்ஸ்பி, டெய்சியைக் காதலிக்கிறான். அவன் போருக்குப் போன இடைவெளியில் அவள் பெரும் பணக்காரன் டாமை மணக்கிறாள். மதுவிலக்கு இருந்த காலத்தில் மருந்துக்கடை மறைவில் சாராயம் விற்றுப் பணம் சேர்த்த கேட்ஸ்பி, லாங் ஐலண்டில் அவள் வீட்டுக்கு எதிர்க்கரையில் மாளிகை வாங்குகிறான். டாம் மட்டும் யோக்கியமா? கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வில்சனின் மனைவி மர்ட்டிலோடு அவனுக்குத் தொடர்பு.

இனி எதிரணியின் பிரம்மாஸ்திரத்துக்கு வருவோம். கள்ளக்காதலன் வருகிறான் என்று நம்பி ஓடிவந்த மர்ட்டிலை, அவன் மனைவி டெய்சி ஓட்டிவந்த கார் அடித்துப் போட்டது. இதைவிடப் பெரிய முரண்நகை உண்டா என்று கேட்டார்கள். இல்லைதான். ஆனால் மர்ட்டில் ஏன் அப்படி நம்பினாள்?

அன்று மத்தியானம் அனல் பறக்கும் வெயில். தன் மனைவி கேட்ஸ்பியைப் பார்க்கும் பார்வையிலேயே டாமுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. எல்லோரும் நியூயார்க் கிளம்பும்போது, "என் காரை நீ ஓட்டு, உன் காரை நான் ஓட்டுகிறேன்" என்கிறான். அதே காரை 'சர்க்கஸ் வண்டி' என்று நக்கலும் அடிக்கிறான்! பிடிக்காத வண்டியை எதற்கப்பா கேட்டு வாங்கினாய்? பெண்டாட்டி கைவிட்டுப் போகிறாள், இவன் காரிலாவது உட்கார்ந்து பார்ப்போம் என்ற வயிற்றெரிச்சல். பெட்ரோல் குறைவு என்று கேட்ஸ்பி தட்டிக்கழித்தும் கேட்கவில்லை. அதனால்தான் வழியில் வில்சன் கடையில் நிறுத்த வேண்டிவந்தது.

அங்கே மாடி ஜன்னலைப் பாருங்கள். வில்சனுக்கு மனைவியின் துரோகம் தெரிந்துவிட்டது, ஆள் யார் என்பதுதான் தெரியாது. அவளை அறையில் பூட்டி வைத்திருக்கிறான். திரை லேசாக விலகுகிறது. மர்ட்டிலின் கண்கள் டாமைப் பார்க்கவில்லை. காரில் அவன் பக்கத்தில் இருக்கும் டெய்சியின் தோழி ஜோர்டன் பேக்கரை வெறிக்கின்றன. அவள்தான் டாமின் மனைவி என்று நினைத்துப் பொறாமையில் வெந்துபோகிறாள். கேட்ஸ்பியின் அந்த மஞ்சள் கார் டாமுடையது என்று அவள் மனதில் பதிந்த நேரம் அது. இருட்டியதும் அதே கார் திரும்பி வருகிறது. பாய்ந்து போய் விழுகிறாள். இதில் விதி எங்கே வந்தது, நடுவர் அவர்களே? இது ஒருவனின் வயிற்றெரிச்சல் போட்ட முடிச்சு.

சரி, கேட்ஸ்பி பாவம்தானே, அவனுக்கு ஏது பொறாமை என்பார்கள். அவனுக்குத்தான் அதிகம் என்பேன். பிளாசா ஹோட்டல் அறையில் டெய்சி, இப்போது உன்னைக் காதலிக்கிறேன், அது போதாதா என்று கேட்ஸ்பியிடமே கேட்கிறாள். சாதாரணக் காதலனுக்கு அது போதும். இவனுக்குப் போதவில்லை. 'டாமை நான் ஒருநாளும் காதலித்ததே இல்லை' என்று அவள் வாயால் சொல்ல வேண்டுமாம். டாம் அவளோடு வாழ்ந்த வருடங்கள் மீதே இவனுக்குப் பொறாமை! அவளும் சொல்லிப் பார்க்கிறாள், முடியவில்லை. ஒரு காலத்தில் அவரையும் காதலித்தேன், உன்னையும் காதலித்தேன் என்று அழுகிறாள். அந்த 'உம்' ஒன்றில் ஆள் நொறுங்கிப்போகிறான். என்னைக் கேட்டால் கேட்ஸ்பி செத்தது அந்த அறையில்தான். மறுநாள் நீச்சல் குளத்தில் வில்சனின் துப்பாக்கி செய்தது மிச்ச வேலை.

கோடை முழுக்க இறங்காத குளத்தில் அன்றைக்கென்று பார்த்து இறங்கினானே, அது விதியல்லவா என்று கடைசியாகக் கேட்டார் எதிரணித் தோழர். குளத்தில் இறங்காமல் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தால் மட்டும் வில்சன் வாசலோடு திரும்பியிருப்பானா? காரை ஓட்டியவன்தான் தன் மனைவியைக் கெடுத்தவன் என்று நம்பி வந்தவன் அவன். காருக்குச் சொந்தக்காரன் பெயரை அவனுக்கு எடுத்துக் கொடுத்தது யார்? அக்டோபர் மாதம் நியூயார்க் வீதியில், கதை சொல்லும் நிக் இதை டாமிடமே கேட்கிறான். டாம் மறைக்கவில்லை. நான்தான் சொன்னேன், அவனுக்கு அது வேண்டியதுதான் என்கிறான். குற்றவாளியே ஒப்புக்கொண்ட வழக்கில் எதிரணி இன்னும் விதியைக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறது.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.