குழந்தை திரும்பிப் பார்க்கும் முகம்

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலிருந்து பேசுகிறேன். காற்றின் இரைச்சல் கூடுதலாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில், 11 மாதமான என் மகளை ஈரமணலில் உட்கார வைத்திருந்தேன். அலை நுரை பாதத்தைத் தொட்டதும் அவள் கால்விரல்களை மடக்கிக்கொண்டாள். அழவுமில்லை, சிரிக்கவுமில்லை, கழுத்தைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்த பிறகுதான் தண்ணீரைக் கையால் தட்டத் தொடங்கினாள்.

'இது பயப்பட வேண்டிய பொருளா?' என்று பேச்சு வராத குழந்தை நம்மிடம் கேட்கும் கேள்வி அது. அமெரிக்காவில் சோர்ஸ், எம்ட் முதலியோர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடித் தளத்தின் மீது தவழவிட்டார்கள். பாதி வழியில் கண்ணாடிக்குக் கீழே சுமார் 30 சென்டிமீட்டர் பள்ளம் தெரியும், எதிர்ப்புறத்தில் தாய் நிற்பார். தாயின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். அச்சம் தெரிந்தபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. முகம் ஒன்றே போதுமானதாக இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

பிள்ளைத்தமிழில் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணிப் பருவம், அதாவது குழந்தை இரு கைகளையும் சேர்த்துத் தட்டும் பருவம் என்பார்கள். உங்கள் குழந்தை சப்பாணி கொட்டிவிட்டு யாரைப் பார்க்கிறது என்று ஒருமுறை கவனியுங்கள். அந்த நேரத்தில் நம் கண்கள் கைபேசியில் இருந்தால் அதன் கேள்விக்கு விடை கிடைப்பதில்லை.

நெல்லிக்குப்பத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். மகள் அவரைக் கண்டதும் வீறிட்டு அழுதாள். "வெளியே தூக்கிப்போய் ஆள் பழக்கமே பண்ணவில்லையா?" என்று அவர் கேட்டபோது எனக்கு மனம் வலித்தது. மூன்று மாதத்தில் யார் தூக்கினாலும் போன குழந்தை எட்டு, ஒன்பது மாதத்தில் அழுகிறது என்றால், தன்னவர் முகங்களை மனத்தில் பதித்து வைத்து, புதிய முகத்தை அவற்றோடு ஒப்பிடும் அறிவு வளர்ந்திருக்கிறது என்றுதான் பொருள். அதை வளர்ப்பின் குறையாகப் பேசுவது நியாயமே இல்லை. தயவுசெய்து அப்போது குழந்தையை மடியிலிருந்து பறித்து அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள்.

நான் மகளை மடியில் வைத்தபடியே பெரியம்மாவிடம் ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் சென்றிருக்கும். அவர் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து நீட்டினார். மகள் பழத்தைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.