எஸ்கலேட்: நகரும் படியில் ஏறி வந்த சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் என் இணைய இணைப்பு அறுந்துபோனது. வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். பேசிய இளைஞர் பணிவாக, "சார், உங்க கம்ப்ளெயின்ட்டை எஸ்கலேட் பண்ணிட்டேன்" என்றார். அதாவது, புகாரை மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டாராம். மனம் குளிர்ந்தது. இரண்டு நாள் கழித்து வேறொரு குரல்: "எஸ்கலேட் பண்ணிடறேன் சார்." மூன்றாம் முறை: "ஏற்கெனவே எஸ்கலேட் ஆகியிருக்கு சார்." "தம்பி, யார்கிட்ட ஆகியிருக்கு?" என்றேன். அதன் பிறகு இசை மட்டும்தான் கேட்டது. அதற்குள் என் கோபமும் எஸ்கலேட் ஆகிவிட்டது. பாருங்கள், கோபம் படிப்படியாக ஏறுவதற்கும் அதே சொல்தான்!

பண்ணிட்டேன், பண்ணிடறேன், ஆகியிருக்கு. கடைசியில் செய்தவர் காணாமல் போய்விட்டார், கவனித்தீர்களா? அதற்கு மறுபடி வருகிறேன்.

இந்த வினைச்சொல்லிலிருந்துதான் எஸ்கலேட்டர் வந்தது என்று நினைப்போம். நடந்தது தலைகீழ். இயந்திரம்தான் மூத்தது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த நகரும் படிக்கட்டுக்கு, சார்லஸ் சீபர்கர் என்ற அமெரிக்கர் உண்டாக்கிய வணிகப் பெயர் எஸ்கலேட்டர். லத்தீனில் ஸ்காலா என்றால் ஏணி. அந்தப் பெயர், லிஃப்ட் செய்யும் ஓட்டிஸ் நிறுவனத்தின் சொத்தாக இருந்தது. ஆனால் எல்லா நகரும் படிக்கட்டையும் ஜனங்கள் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். 1950-இல் அமெரிக்காவில் அந்த வணிகக்குறி உரிமையே ரத்தானது. நடுவில், 1920களில், யாரோ பெயர்ச்சொல்லின் வாலை நறுக்கி வினையாக்கினார்கள். அப்போது அதற்கு அர்த்தம், நகரும் படியில் ஏறிப் போவது. அவ்வளவுதான். 1950களின் கடைசியில் அணு ஆயுதப் போர் பற்றிய பேச்சுக்குள் அது நுழைந்தது. வியட்நாம் போர்ச் செய்திகளில் நன்றாகக் காலூன்றிக்கொண்டது.

அதனால்தான் அதற்குள் இன்னும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. அவன் ஒரு படி, இவன் ஒரு படி என்று மோதல் ஏறும், செலவு ஏறும். மகிழ்ச்சி எஸ்கலேட் ஆனது என்று பொதுவாக யாரும் எழுதுவதில்லை.

இப்போது காணாமல் போனவருக்கு வருவோம். நகரும் படியில் நாம் சும்மா நின்றால் போதும், அதுவே தூக்கிப் போகும். ஆங்கிலத்தில் போரை எஸ்கலேட் செய்யவும் செய்யலாம், போர் தானாக எஸ்கலேட் ஆகவும் ஆகலாம். வினை வடிவம் ஒன்றே. பொறுப்பில் இருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் இஷ்டம். தமிழ் அப்படி நழுவ விடாது. "தீவிரமடைந்தது" வேறு, "தீவிரப்படுத்தினார்கள்" வேறு. ஆகவே மொழிபெயர்க்கிறவர்கள் முதலில் எழுவாயைத் தேடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், எழுவாயைத் தேடுங்கள்.

"சண்டை முற்றிவிட்டது" என்கிறோமே, அது அருமையான சொல். ஆனால் முற்றுப்புள்ளியில் இருக்கிற அதே முற்று அது. ஏறக்குறைய எல்லைக்குப் போய்விட்டது என்ற தொனி அதில் உண்டு. எஸ்கலேட்டில் அது கிடையாது, அடுத்த படி எப்போதும் பாக்கி. இரண்டாம் படியில் நிற்கிற சண்டைக்கு "வலுக்கிறது" என்பதே போதும்.

டீ-எஸ்கலேட், அதாவது ஏறியது படிப்படியாக இறங்குவது, அதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள். ஒரு நிமிஷம்கூட இல்லை போலிருக்கிறது. நம்மிடம் தணி என்ற சொல் இருக்கிறது. கோபம் தணியும், கோபத்தைத் தணிப்பார்கள். அங்கேயும் இரண்டும் வேறு வேறுதான். மீதியை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். வணக்கம்.