பிடியில் சுற்றிய சைக்கிள் டியூப்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

குலசேகரம் பக்கத்து எங்கள் வீட்டுத் திண்ணையில் எப்போதும் ஒரு பால்வெட்டுக் கத்தி கிடக்கும், பால் வடிய ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவுகிற கத்தி. அப்பாவுடையது. மரப்பிடியின் மேல் பழைய சைக்கிள் டியூபைக் கீறி நெருக்கமாகச் சுற்றியிருப்பார். பெருவிரல் பதிகிற இடத்தில் மட்டும் இரண்டு சுற்று கூடுதல். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு இது புதிய காட்சியாக இருக்காது. நானும் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். அந்த இரண்டு சுற்று ஏன் என்று யோசித்தது, முப்பது வயதைத் தாண்டிய பிறகு.

என் தொழில் பொருள் வடிவமைப்பு. இண்டஸ்ட்ரியல் டிசைனர் என்பார்கள். வாரத்தில் மூன்று நாள் என் பட்டறையில் வேலை, மற்ற நாட்களில் கல்லூரியில் பாடம். கல்யாண வீடுகளில் "அப்படின்னா என்ன வேலை?" என்று கேட்பார்கள். டிபன் பாக்ஸ் மூடி, மிக்சி ஜாரின் கைப்பிடி, பஸ்ஸில் நின்றுகொண்டு நாம் பிடிக்கிற கம்பி, இவையெல்லாம் எந்த அளவில், எந்த வளைவில், எதனால் செய்யப்பட வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருப்பார் இல்லையா, அந்த வேலைதான்.

நம் நாட்டில் இந்தப் படிப்பு தொடங்கிய கதையில் ஒரு சொம்பு வருகிறது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரே ஈம்ஸும், இந்திய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்து 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் மிகவும் வியந்தது லோட்டா என்கிற சாதாரணத் தண்ணீர்ப் பாத்திரத்தை. எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், தலையில் தூக்குவதா இடுப்பில் வைப்பதா, நிறைந்திருக்கும்போது கனம் எங்கே நிற்கும், காலியானபின் எங்கே நிற்கும், தூக்குவது ஆண் கையா பெண் கையா என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இத்தனைக்கும் விடை அந்தப் பாத்திரத்தில் இருக்கிறது, தனி ஒரு ஆளால் இதைச் செய்திருக்க முடியாது, பல தலைமுறைகள் சேர்ந்து செய்தது என்றார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. 1969-இல் மும்பை ஐ.ஐ.டி.யில் இதற்கென்று தனி மையம் வந்தது. மெக்கானிக்கல் முடித்துவிட்டு நான் அங்கேதான் படித்தேன். ஒக்கலில் குடத்தோடு அம்மா மேட்டில் ஏறி வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வகுப்பில் அந்தப் பகுதியைப் படித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம் புனேயில் சில வருடம் வேலை. பிளாஸ்டிக் பொருள்களுக்கு உருவம் கொடுப்பது. ஊர் திரும்பி நான் சொந்தமாகச் செய்த முதல் பொருள், பால்வெட்டுகிறவர்களுக்கான தலை விளக்கு.

இந்த வேலை ஏன் விடியுமுன் நடக்கிறது என்று தெரியும்தானே? அப்போதுதான் மரத்துக்குள் நீரின் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். பட்டையை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். உள்ளே தண்டை வளர்க்கிற மெல்லிய அடுக்கு இருக்கிறது. அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். தொட்டுவிட்டால் மரத்தில் காயம், புதுப்பட்டை முண்டு முண்டாகத்தான் வரும். இவ்வளவு நுணுக்கமான வேலை, இருட்டில், மரத்துக்கு மரம் நடந்துகொண்டே.

நான் செய்த விளக்கு கனமில்லாதது, வெளிச்சமும் நல்ல வெளிச்சம். பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனால், மிளகு அளவில் நான் வைத்திருந்த ஸ்விட்ச்சின் மேல் ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டை ஒட்டியிருந்தார்.

"கையில பால் இருக்கும் மக்களே. விரலை வச்சா ஒட்டிப் பிடிக்கும். இப்போ புறங்கையால அமுக்குதேன்" என்றார்.

மாமா கோபப்படவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. நான் விட்டதை அவர் முடித்து வைத்திருந்தார், அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து அப்பாவின் கத்தியைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். என் பெருவிரல் அந்த இரண்டு சுற்றின் மேல் தானாகப் போய் உட்கார்ந்தது. கத்தியை இழுக்கும்போது விசை முழுவதும் அங்கேதான் விழுகிறது.

என் வகுப்பு அங்கேதான் தொடங்குகிறது. முதல் வருட மாணவர்களை முதல் வாரம் படம் வரையச் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் யாராவது துணி சுற்றி, கம்பி கட்டி, கட்டை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிற ஒரு பொருளைக் கண்டுபிடித்து வாருங்கள் என்பேன். குளச்சலிலிருந்து வருகிற பையன், வள்ளத்து இன்ஜின் கைப்பிடியில் வலைக்கயிறு சுற்றியிருப்பதைப் படம் எடுத்து வந்தான். ஈரக்கை வழுக்காமல் இருப்பதற்கு. ஒரு மாணவியின் அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையில், வேலை பார்ப்பவர். கையால் கொட்டையை வைத்து, காலால் மிதித்து உடைக்கிற மெஷினில் நாள் முழுக்க நிற்கிறார். நிற்கிற காலுக்குக் கீழே ஒரு பலகையும் மடித்த சாக்கும் போட்டிருந்தார்.

அந்த அண்டி ஆபீசுக்கு அளவு டேப்போடு போனோம். நான் படித்த காலத்தில் நூலகத்தில் அதிகம் கிடைத்தது அமெரிக்கர்களின் உடல் அளவுப் பட்டியல்கள். இந்தியர்களின் அளவுகளைத் தொகுத்து அகமதாபாத் நிறுவனம் 1997-இல் வெளியிட்டது, அது பெரிய உதவி. ஆனாலும் இந்த அறையில் நிற்கிற இந்தப் பெண்களை அளக்காமல் பேசக் கூடாது என்று மாணவர்களே சொன்னார்கள். முழங்கால் உயரம், மிதி இறங்குகிற தூரம், முழங்கை நிற்கிற இடம் எல்லாம் அளந்தோம். மிதியின் உயரம் யாருக்கும் சரியாக அமையவில்லை. அந்த அம்மா போட்டிருந்த பலகையின் கனத்தைக் கூட்டிக்கொண்டால் அவருக்கு மட்டும் சரியாக வந்தது. அந்தப் பெண் டேப்பைச் சுருட்டாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு நிற்கும் பலகையை அவள் குழு செய்துகொண்டிருக்கிறது.

இன்னொரு பையன் இடதுகைக்காரன். ரப்பர் மரத்தில் வெட்டுச் சாய்வை மறுபக்கம் திருப்பினால் எனக்கும் எளிதாக இருக்குமே என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் மரத்தின் பால்குழாய்கள் நேராக மேலே போவதில்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்து போகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஆகவே சாய்வைத் தொட முடியாது, கத்தியின் பிடியைத்தான் மாற்ற வேண்டும். ஏழாவது மாதிரியைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். இதுவரை ஒன்றும் சரியாக அமையவில்லை. பரவாயில்லை, மரக்கட்டையில் தப்பு செய்யலாம். பிளாஸ்டிக்குக்கு இரும்பு அச்சு வெட்டிய பிறகு தெரிகிற தப்புக்குத்தான் விலை அதிகம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்தப் படிப்பில் சேர, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு யூசீட் (UCEED) தேர்வு இருக்கிறது, அகமதாபாத் நிறுவனத்துக்குத் தனித் தேர்வு இருக்கிறது. பட்டம் முடித்தவர்களுக்கு சீட் (CEED) என்றொரு தேர்வு. அழகாகப் படம் வரையத் தெரியவில்லையே என்று பயப்பட வேண்டாம், கோடு பழகினால் வரும். வீட்டில் உடைந்த பொருளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள்.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் துணி சுற்றிய அரிவாள், கட்டை வைத்து உயர்த்திய தையல் மெஷின், கம்பி போட்டுக் கட்டிய தேங்காய்த் திருவலை, எது இருந்தாலும் பழசு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் மாணவர்கள் வந்து கேட்டால் காட்டுங்கள். சுற்றியவர் வீட்டில் இருந்தால், ஏன் சுற்றினார் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் நோட்டும் டேப்பும் கொண்டு வருவார்கள்.

நன்றி, வணக்கம்.